சீப்பின் தாய்மொழி

என் மனைவி நேசபாயின் சீப்பு தமிழ்ச் சீப்பா, மலையாளச் சீப்பா என்று முடிவு செய்ய அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் குழுவின் அறிக்கையைத் தைத்து, பசை போட்டு, அட்டை கட்டியவன் நான்.

நாகர்கோவில் வடசேரியில் எனக்குப் புத்தகம் பைண்டு செய்யும் கடை. ஞானப்பாட்டுப் புத்தகம், பள்ளிக்கூட ரிஜிஸ்டர், கோர்ட்டுக் கட்டு, எது வந்தாலும் தைப்பேன். தைப்பதற்கு முன் கொஞ்சம் வாசித்துப் பார்ப்பேன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். தெற்குத் தாலுகாக்கள் மதராசோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். கூடாது என்று சிலர் அறிக்கை விட்டார்கள். ஐம்பத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம் ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். செத்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகம் எல்லாம் சீப்பில்தான் வந்தது.

மகளிர் கேச சாதனங்களின் பண்பாட்டு மூல நிர்ணயக் குழு என்பது அதன் பெயர். தலைவர் நாராயணபெருமாள் பிள்ளை, ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. அவர் தமிழ்ப் பக்கம். உறுப்பினர் ஐயப்பன் பிள்ளை மலையாளப் பக்கம். எழுதுவதற்குப் பொன்னுலிங்கம் என்ற குமாஸ்தா. பழைய சித்திரச் சீப்புகள் எந்த மொழிக்காரர்களுடையவை என்று கண்டுபிடித்துவிட்டால், அவை கிடைத்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. "பேச்சை மாற்றிப் பேசலாம், தலை வாருவதை மாற்ற முடியாது" என்று தலைவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் தலையில் முடி கிடையாது.

பொன்னுலிங்கம் ஒரு காலை வேளையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நீளமான படிவம்.

"சித்திரம் போட்ட சீப்பு இருக்காம்லா இங்க. மூணு நாளு குடுக்கணும். ரசீது தருவோம்."

நேசபாய்க்குச் சந்தோஷம். அவளுடைய சீப்பை யாரும் அதுவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கொண்டையிலிருந்து உருவி, முந்தானையில் துடைத்து நீட்டினாள். உள்ளங்கை அகலம், விரல் தடிமன், பதிமூன்று பல், அதில் ஒன்று ஒடிந்தது. மேலே இரண்டு பறவைகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

"எனக்க அப்பா செஞ்சது" என்றாள். "அப்பா கருங்கல் சந்தைக்குப் போற வண்டிக்கெல்லாம் சக்கரம் செய்யுத ஆசாரி. எனக்குக் கல்யாணம் நிச்சயமானப்போ, ஒடஞ்ச ஆரக்காலை அறுத்துச் செஞ்சாரு. மயிலு வேணும்னு நான் சொன்னேன். அவருக்குச் சக்கரந்தான் வரும், மயிலு வருமா? கோழியாப் போச்சு. ஏட்டி, கோழியும் மயிலுக்க இனந்தாண்ணு சொல்லிச் சிரிச்சாரு."

பொன்னுலிங்கம் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, செஞ்ச ஆளு பேரு எழுத இதுல எடம் இல்ல. தமிழ், மலையாளம், ஐயம், மூணு கட்டம்தான் இருக்கு."

"செஞ்சவரு பேரு இல்லாம என்னத்தக் கண்டுபிடிப்பாவ?"

"பேரு தெரிஞ்சா பெறவு குழு எதுக்கு?" என்றார் பொன்னுலிங்கம். கேலியாகச் சொல்லவில்லை. 'ஐயம்' என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பொருள் எண் பதினேழு என்று ஒரு சீட்டை நூலில் கட்டி, சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்து சீப்பு வரவில்லை. சாட்சி சொல்ல எனக்குக் கடிதம் வந்தது.

குழு ஒரு பழைய மாளிகையில் கூடியிருந்தது. நீள மேசையில் பச்சைத் துணி விரித்து, நாற்பது சீப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தது. எதற்கு என்று பொன்னுலிங்கத்திடம் கேட்டேன். "நாற்பது சாட்சிக்கு நாற்பது தம்ளர்னு உத்தரவு. சாட்சியும் பொருளும் ஒரே லிஸ்டுல வந்துட்டு" என்றார்.

தலைவர் நேசபாயின் சீப்பைக் கைக்குட்டையால் பிடித்து உயர்த்தினார்.

"சபையோர் கவனிக்க. இதிலுள்ள பறவைகள் அன்னங்கள். பாலையும் நீரையும் பிரித்தறியும் தமிழ் அன்னங்கள். ஒரு பாமரத் தச்சன் தன்னை அறியாமல் இரண்டாயிரம் ஆண்டுப் பண்பாட்டைச் செதுக்கியிருக்கிறான்."

ஐயப்பன் பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னமோ? அது வேழாம்பலாக்கும், நீங்க சொல்லுத இருவாட்சி. கொக்கை, அந்த அலகைப் பாருங்க, எத்தற வலுது. மலையாள நாட்டு மலையில அல்லாம இந்தப் பட்சி வேற எங்க இருக்கு? ஒரு சம்சயமும் வேண்டாம்."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அது கோழி."

இருவரும் முதல்முறையாக ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"உம்ம பேரு?"

"யேசுரத்தினம்."

"கல்லூரியில் என்ன பாடம்?"

"பைண்டு செய்யுதேன் ஐயா. எனக்க மாமனாரு செஞ்ச சீப்பு இது. கோழின்னு அவரே சொன்னாரு."

"செய்தவனுக்குத் தான் செய்தது என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் அறிஞர்கள் இருக்கிறார்கள்" என்றார் தலைவர். "எழுதும்: சாட்சி பாசத்தினால் குழம்பியிருக்கிறார்."

பிறகு பல்லுக்கு வந்தார்கள். பதிமூன்றில் ஒன்று ஒடிந்து பன்னிரண்டு இருந்தது. பன்னிரண்டு உயிரெழுத்துக்குப் பன்னிரண்டு பல், பதிமூன்றாவதைக் கலைஞன் வேண்டுமென்றே நீக்கினான் என்றார் தலைவர். அப்படியல்ல, பதிமூன்றாவது பல்லைப் பிற்காலத்தில் தமிழர்கள் ஒடித்தார்கள், அது ஆக்கிரமிப்பின் அடையாளம் என்றார் ஐயப்பன் பிள்ளை. நேசபாய் அந்தச் சீப்பால் கருப்பட்டி டின்னின் மூடியை நெம்பியபோது ஒடிந்தது என்று நான் சொன்னேன். அதைப் பொன்னுலிங்கம் எழுதவில்லை.

சீப்பை எப்போது தருவீர்கள் என்று கேட்டேன்.

"பொறும். இது இப்போது உம்ம மனைவியின் சீப்பு இல்லை. இது ஒரு பிரச்சினை" என்றார் தலைவர். பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அது பொருள் எண் பதினாறின் தண்ணீர்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் நேசபாய் படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கத்தி வைக்கும் நிலை தாண்டிவிட்டது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளுடைய தங்கை தங்கபாய் துணைக்கு வந்து இருந்தாள். நர்ஸ் ரீத்தா வாரம் இரண்டு தரம் வந்து பார்ப்பாள்.

நேசபாய்க்கு முழங்கால் தொடும் முடி. கயிறு மாதிரி கனம். கடையில் வாங்கிய சீப்பு நாலு இழுப்பில் பல் பல்லாக உதிர்ந்தது. சக்கர ஆசாரி மகளுக்குச் செய்த சீப்புத்தான் அந்தத் தலைக்குள் போகும். படுத்த படுக்கையில் முடி பின்னிக்கொண்டு, ஒரு மாதத்தில் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை மாதிரி கட்டியாகிவிட்டது. பேனும் பற்றியது. ராத்திரியும் பகலும் சொறிந்தாள்.

"வெட்டிரலாம் அம்மா, சொகமாட்டு இருக்கும்" என்றாள் ரீத்தா.

"வேண்டாம் மக்கா. மொட்டத் தலையோட எனக்க அப்பா முன்னால போயி நிக்க மாட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "நிங்க போயி அந்தச் சீப்ப வாங்கிட்டு வாருங்கோ. அவ்வளவுதான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் கேக்கல்லியே."

நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் குழு ஆபீசுக்குப் போனேன்.

தமிழில் எழுதிய மனுவைப் பொன்னுலிங்கம் திருப்பித் தந்தார். "தமிழ்ல வாங்குனா, சீப்பு தமிழ்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஐயப்பன் பிள்ளை சண்டைக்கு வருவாரு."

"மலையாளத்துல எழுதட்டுமா?"

"எழுதும். தலைவரு என்னைக் கொன்னுருவாரு."

இங்கிலீஷில் டைப் அடித்துக் கொண்டுபோனேன். பத்து நாளில் அதுவும் திரும்பி வந்தது. மனுதாரரின் தாய்மொழி குறிப்பிடப்பட்டுள்ளது, பொருளின் தாய்மொழி குறிப்பிடப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். தெரியாத ஒரு பொருளை உமக்குரியது என்று எப்படிக் கேட்கிறீர் என்று பதில் வந்தது. 'கோழி' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஒரு நாள் தலைவரை நேரில் பிடித்தேன். மாளிகைத் தாழ்வாரத்தில் ஐயப்பன் பிள்ளையோடு சேர்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அறைக்கு உள்ளேதான் இருவரும் பகைவர்கள். காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் தந்தால் போதும், நானே திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"உம்ம துயரம் எனக்குப் புரிகிறது" என்றார். "ஆனால் உம்ம மனைவி ஒரு தனி மனுஷி. நாங்கள் பத்து லட்சம் தலைகளைப் பற்றி யோசிக்கிறோம்."

"அதுமட்டுமில்ல" என்றார் ஐயப்பன் பிள்ளை, ஸ்நேகமாக என் தோளைத் தட்டி. "இப்பம் அதைத் தலையில வச்சா எண்ண பற்றும். தெளிவு, அதாவது சாட்சியம், போயிரும்லா."

நான் வீட்டுக்குப் போய் நேசபாயிடம் நாளைக்குத் தருவார்கள் என்று சொன்னேன். அதன்பின் பல நாள் அதையே சொன்னேன்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம், மழை விட்டிருந்த ஒரு விடியலில் அவள் போனாள். கடைசியாகச் சொன்ன வார்த்தை சீப்பைப் பற்றியது இல்லை. வெயில் வந்துட்டா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன்.

எங்கள் சபையில் பெண்கள்தான் குளிப்பாட்டி, தலை சீவி, கொண்டை போட்டு, வெள்ளை உடுத்திப் பெட்டியில் வைப்பார்கள். தலை சீவாமல் பெட்டியில் வைப்பதில்லை. தங்கபாய் குளிப்பாட்டி முடித்து வெளியே வந்தாள். கண்ணீர் இல்லை, முகம் கடுத்திருந்தது.

"அத்தான், ஒரு சீப்பும் எறங்கல்ல. வெட்டவும் எனக்குக் கை வரல்ல. அந்தத் தொட்டிப் பயக்ககிட்ட போயி வாங்கிட்டு வாருங்கோ. நாலு மணிக்குப் போதகரு வருவாரு."

தலைவர் வீட்டுக்கு ஓடினேன். இல்லை என்று சொல்வார் என நினைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அந்தச் சீப்பு, அதற்கே உரிய தலையில், அதற்கே உரிய சடங்கில்! ஓய் யேசுரத்தினம், இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆராய்ச்சிக்கும் கிடைத்ததில்லை. கவலைப்படாதேயும். நாங்கள் எல்லோரும் வருகிறோம்."

வந்தார்கள். இரண்டு கார். தலைவர், ஐயப்பன் பிள்ளை, பொன்னுலிங்கம், அளவு நாடாவோடு ஒரு ஆள், கறுப்புத் துணி மூடிய கேமராவோடு ஒரு ஆள். வெற்றிலைப் பெட்டியும் வந்தது. என் மனைவி கிடந்த அறைக்குள் செருப்போடு நுழைந்தார்கள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

"யாரும் தொட வேண்டாம்" என்றார் தலைவர். "முதலில் வகிடு."

அளவு நாடாக்காரன் அவள் நெற்றியில் நாடாவை வைத்தான். அவள் நெற்றி ஈரமாக இருந்தது. நாடாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

"கொண்டை பின்னால் விழுந்தால் தமிழ். இடப்பக்கம் சரிந்தால் மலையாளம். அது நம் இருவருக்கும் ஒப்புதல் உள்ள விதி" என்றார் தலைவர்.

"இடப்பக்கம்தன்னே சரிஞ்சு கிடக்கு" என்றார் ஐயப்பன் பிள்ளை.

"தலையணை சாய்ந்திருக்கிறது. தலையணையை நேராக்குங்கள்."

"பிரேதம் கிடந்தபடி கிடக்கணும். தலையணை மாற்றுனா தெளிவழிப்பாக்கும்!"

"கிடப்பதில் பின்பக்கம் எப்படி ஐயா தெரியும்? அம்மா, கொஞ்சம் உட்கார வைக்க முடியுமா?"

நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவர்கள்மேல் வரும் அருவருப்பில் ஒரு பங்கு என்மேலும் வருகிறது. கேமராக்காரன் துணிக்குள் தலையை விட்டு, சிக்குப் பிடித்த அந்தத் தலையையும் அதன் குறுக்கே கிடந்த நாடாவையும் படம் எடுத்தான்.

தங்கபாய் ஓரத்திலிருந்து வந்தாள். பொன்னுலிங்கத்தின் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினாள்.

"ஏலே, ஒனக்க அம்மைய உக்கார வச்சுப் பாப்பியால? செருப்பைப் போட்டுட்டு வந்து நிக்கானுவ, கோட்டும் போட்டுக்கிட்டு! ஒங்க வீட்டுல சாவு விழாதால? வெளிய எறங்குங்கல!"

"அம்மா, இது அரசாங்கக் காரியம்—"

"அரசாங்கத்துக்குப் பேன் பாக்கத் தெரியுமா? வாரும், இரியும், பாரும்!"

தலைவர் வாசல்வரை பின்வாங்கினார். ஐயப்பன் பிள்ளை அவருக்கு முன்பே வாசலில் இருந்தார். நூலில் தொங்கிய சீட்டைத் தங்கபாய் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். பிறகு அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் விட்டு, நுனியிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள். இரண்டரை மணி நேரம் ஆனது. மற்றப் பெண்கள் முடியைப் பிரித்துப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள். போதகர் வந்து வெளியே காத்திருந்தார். கடைசியில் முழு முடியும் அவிழ்ந்து, பெட்டிக்குள் அவளுடைய இரண்டு பக்கமும் வழிந்தது. கொண்டை போட்டு, சீப்பைக் கொண்டையிலேயே செருகினாள். பெட்டி மூடியைத் தானே இழுத்து வைத்து, "ஆணி அடியுங்க" என்றாள்.

அடித்தார்கள்.

"பொருள் எண் பதினேழு உள்ளே இருக்கிறது!" என்று வாசலிலிருந்து தலைவர் கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கினோம். கல்லறைத் தோட்டம்வரை குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு பின்னால் வந்தார்கள். தெருவில் பார்த்தவர்கள், யேசுரத்தினம் பெண்டாட்டிக்கு எவ்வளவு பெரிய மனுஷர்கள் வந்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். குழிக்கரையில் எல்லோரும் மண் போட்டபோது தலைவரும் ஒரு பிடி போட்டார். உடனே பொன்னுலிங்கத்தைப் பார்த்து, "நான் போட்டதை எழுத வேண்டாம்" என்றார்.

மறு வருடம் ஆகஸ்டில் குழுவின் அறிக்கை கட்டுவதற்காக என் கடைக்கு வந்தது. ஐம்பது பிரதி. இது யாருடைய கடை என்று அனுப்பியவர்களுக்கு நினைவு இல்லை. அச்சடித்த பெரிய தாள்கள் கட்டாக வந்தன. படங்கள் தனித் தாளில் வந்தன. குறிப்பிட்ட பக்கங்களுக்கு எதிரே நான் ஒட்ட வேண்டும்.

வழக்கம்போல வாசித்தேன். நாற்பது சீப்பில் பத்தொன்பது தமிழ், பத்தொன்பது மலையாளம். ஒன்று சீப்பே அல்ல, குதிரைக்குரியது. மிச்சமிருந்தது நேசபாயுடையது. அதைப் பற்றி நான்கு பக்கம். அன்னம் இருந்தது, வேழாம்பல் இருந்தது, உயிரெழுத்து இருந்தது. கோழி இல்லை. ஆசாரியும் இல்லை. கடைசியில் இப்படி முடித்திருந்தார்கள்:

'பொருள் எண் 17 தற்போது நிலத்தடியில் உள்ளது. எல்லை இறுதி செய்யப்பட்டபின், அந்நிலம் எந்த ராஜ்யத்தைச் சேர்கிறதோ அந்த ராஜ்யம் அதைத் தோண்டி எடுத்து ஆராயலாம் எனக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது.'

அவர்கள் ஒருமனதாகச் செய்த ஒரே பரிந்துரை அது.

எதிர்ப்பக்கத்துக்கான படத்தைத் தேடி எடுத்தேன். படம் ஒன்பது. சிக்குப் பிடித்த தலை, நெற்றியில் நாடா, பாதி மூடிய கண். கீழே, 'இப்பகுதிப் பெண். பெயர் அறியப்படவில்லை. கொண்டை: தகராறில் உள்ளது.'

நேசபாய் ஒருபோதும் போட்டோ எடுத்துக்கொண்டவள் இல்லை. என்னிடம் அவளுடைய வேறு படம் எதுவும் கிடையாது. ஐம்பது தாளையும் எண்ணி எடுத்தேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வைத்துக்கொள்ளவில்லை. கடையின் பின்பக்கம் பசை காய்ச்சும் அடுப்பில் ஐம்பதையும் வைத்து எரித்தேன். அந்தத் தீயில் மைதாவும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் போட்டுப் பசை காய்ச்சி, அந்தப் பசையால் அறிக்கையைக் கட்டினேன்.

இன்னொன்றும் செய்தேன். அச்சுத் தாளை மடித்துத் தைத்தபின் ஓரத்தை வெட்டினால்தான் பக்கங்கள் பிரியும். இல்லாவிட்டால் மடிப்பு மடிப்பாக மூடியே கிடக்கும். முதல் மடிப்பை மட்டும், பெயர்கள் அச்சான பக்கம் திறக்கும்படி, வெட்டினேன். மற்றதை வெட்டாமல் விட்டேன். சிவப்புக் காலிகோத் துணி அட்டை, முதுகில் தங்க எழுத்து. தலைவர் தம்முடைய பிரதியைக் கையில் வாங்கி, பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்து, "நேர்த்தியான வேலை" என்று சொல்லி அனுப்பினார். ஐயப்பன் பிள்ளையும் அதையே சொன்னாராம்.

நவம்பர் முதல் தேதி கல்லறைத் தோட்டம் மதராஸ் ராஜ்யத்துக்கு வந்தது. மம்மட்டியோடு யாராவது வருவார்கள் என்று நானும் தங்கபாயும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். ஆறு மாதம் பார்த்தோம். வரவில்லை.

இப்போதும் வருடத்துக்கு ஒரு தரம், அவள் போன தேதியில், கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நூலகத்துக்குப் போய் அந்த அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் பக்கம் திறக்கிறது. அதற்கப்புறம் ஒரு மடிப்பிலும் கத்தி படவில்லை. அட்டை மட்டும் அன்று கட்டியது போலவே இருக்கிறது. பூச்சி ஒன்றும் அண்டவில்லை.